மணலும் ஓலையும் விசையும்: நாஞ்சில் நாட்டில் எழுதத் தடுமாறும் பிள்ளைகள்

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மலையடிவாரத்தில் அமைந்த தோவாளை, பூச்சந்தையாலும் அங்கே கட்டப்படும் மாலைகளாலும் தென்தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்ட ஊர். வெள்ளரளியையும் செவ்வரளியையும் பச்சை இலையையும் மடித்து நாரில் கோத்துப் பட்டையாக விரியும் மாணிக்கமாலையைக் கட்டும் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. அந்த மாலைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. கையின் நுண்மையை இவ்வளவு மதிக்கும் ஊரில், கை சொன்னபடி கேளாத பிள்ளையும், எழுத்தைக் கண்டும் அதன் ஒலியை மீட்க இயலாத பிள்ளையும் எவ்வாறு எழுத்துப் பழகினர், அவர்களுக்கு எந்தக் கருவி எப்போது கிடைத்தது, அது எந்த அளவு பொருந்தியது என்பவை பழங்கதைக் கேள்விகள் அல்ல. அத்தகைய பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பயிற்சி மென்பொருளையோ வாசிப்புச் செயலியையோ தேடும் பெற்றோரும் ஆசிரியரும், தம் முன்னே இருக்கும் விசைப்பலகைகளும் பயிற்சி முறைகளும் எங்கிருந்து வந்தவை என்று அறிந்தால்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும். ஏனெனில் அவற்றில் ஒவ்வொன்றும் வேறொரு காலத்தில், வேறு யாருடைய தேவைக்காகவோ உருவானது.

டிஸ்லெக்சியா என்பது, அறிவுத்திறனிலோ பார்வையிலோ செவியிலோ குறை இல்லாதபோதும், எழுத்தையும் அதன் ஒலியையும் விரைவாகவும் பிழையின்றியும் இணைக்க இயலாமல் வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் தடைப்படும் நிலை. டிஸ்பிராக்சியா என்பது, தசையில் வலுக்குறைவு இல்லாதபோதும், ஒரு செயலை எந்த வரிசையில், எவ்வளவு அழுத்தத்துடன், எந்தத் திசையில் செய்வது என்று மூளை திட்டமிட்டுக் கைக்கு உணர்த்துவதில் நேரும் தடுமாற்றம். பூத்தொடுக்கும் கையில் இது கண்கூடாகத் தெரியும்: இடக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் காம்புகளை எதிரெதிராகப் பிடித்திருக்க, வலக்கை நாரைச் சுற்றி, வளையமிட்டு, பூவை அதனுள் அடக்கி, காம்பு நசுங்காத அளவுக்கு இழுக்க வேண்டும், இவை வரிசை மாறாமல், தனித்தனியே எண்ணிப் பார்க்காமல் நிகழ்ந்தால்தான் சரம் வளரும். டிஸ்பிராக்சியா உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு கண்ணியும் முதற்கண்ணியாகவே இருக்கும். பென்சிலைப் பிடித்து 'ஆ' எழுதுவதும் அவ்வாறே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் என்ற தலைப்பின்கீழ் டிஸ்லெக்சியாவோடு டிஸ்பிராக்சியாவையும் பெயர் சொல்லியே சேர்த்துள்ளது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் பட்டியலிட்ட 7 குறைபாடுகளில் இவ்விரண்டுக்குமே இடம் இருந்ததில்லை.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அடங்கிய நாஞ்சில் நாடு, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்தது. அரசுப் பள்ளிகள் தோன்றுவதற்கு முன்பு இங்கே எழுத்தறிவித்தவர் ஆசான். வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ மர நிழலிலோ பிள்ளைகள் வரிசையாக அமர, ஒவ்வொருவர் முன்னும் மணல் பரப்பப்பட்டது. ஆசான் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து எழுத்தின் வடிவத்தை மணலில் இழுத்துக் காட்டும்போதே அதன் ஒலியை உரக்கச் சொல்வார். பிள்ளையும் உடன் சொல்ல வேண்டும். பிறகு மணலை உள்ளங்கையால் நிரவிவிட்டு, முன்மாதிரி எதுவும் இல்லாத வெற்று மணலில், பிள்ளை தானே அந்த எழுத்தை ஒலியோடு சேர்த்து எழுதும். மணலின் உரசல் விரலுக்கு, வடிவம் கண்ணுக்கு, ஒலி வாய்க்கும் செவிக்கும் என ஓர் எழுத்து ஒரே நேரத்தில் பல வழிகளில் உள்ளே சென்றது. பிழைத்த எழுத்து அடையாளமின்றி நிரவப்பட்டது. எழுதுகோலைப் பிடிக்கும் தொல்லையும் அந்தக் கட்டத்தில் இல்லை. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு இன்று பரிந்துரைக்கப்படும் பல்புலன்வழிக் கற்பித்தலின் அடிப்படைக் கூறுகள் பெரும்பாலும் இந்த முறையில் இருந்தன.

அந்தப் பள்ளிகளைப் பொற்காலமாகக் காட்டுவது உண்மைக்குப் புறம்பாகும். பிழை செய்த பிள்ளைக்குப் பிரம்படி விழுந்தது. கோதண்டம் என்ற தண்டனையில் பிள்ளை கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடப்பட்டது. அதைவிடக் கொடியது, திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்த மணலே மறுக்கப்பட்டதாகும். மணல் முறை நல்லது என்று சொல்லும்போது, அது எத்தனை பேருக்கு எட்டாத நன்மையாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மணலைக் கடந்த பிள்ளை ஓலைக்குச் சென்றது. எழுத்தாணியால் ஓலையைக் கீறுவது மிகக் கடினமான கைவேலை: அழுத்தம் மிகுந்தால் ஓலை கிழியும், குறைந்தால் கீறல் மறையும், வலக்கை எழுத்தாணியை நிறுத்திப் பிடித்திருக்க, இடக்கை ஓலையை நகர்த்திக் கொடுக்க வேண்டும். ஓலையெழுத்தில் புள்ளி இடப்படுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. தோவாளை வட்டத்து அழகியபாண்டியபுரத்தின் முதலியார் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டு, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் முயற்சியால் வெளியுலகிற்குத் தெரியவந்து, பின்னர் ஆய்வாளர் அ.கா. பெருமாளால் நூலாகப் பதிப்பிக்கப்பட்ட முதலியார் ஓலைகளைப் போன்ற ஆவணங்களைப் படிக்க, எங்கே மெய், எங்கே உயிர்மெய், எங்கே சொல் முடிகிறது என்பதை வாசிப்பவரே ஊகித்தறிய வேண்டும். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு இதைவிடக் கடினமான எழுத்துமுறை இருக்க முடியாது. ஆயினும், ஓலை எழுதுவதும் படிப்பதும் கணக்கர், புலவர் போன்ற சிலரின் தொழிலாக இருந்தமையால், எழுத இயலாதவன் குறையுள்ளவன் என்ற எண்ணம் அன்றைய சமூகத்தில் வேரூன்றவில்லை. வயலிலும் பூந்தோட்டத்திலும் எழுத்து யாரையும் சோதிக்கவில்லை.

மணல் எழுத்து கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் அதனோடு சேர்த்துக்கொண்டார். இவற்றைக் குறித்து 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே, சென்னை முறை என்ற பெயரில் மணற்பலகை இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. ஆனால் பெல்லைக் கவர்ந்தது செலவுக் குறைவு; தடுமாறும் பிள்ளைக்கு விரலின் உரசல் என்ன செய்கிறது என்பது அவருடைய கேள்வியாக இருக்கவில்லை. அந்தக் கேள்வியை, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் 1921இல் வாசிப்புத் தடுமாற்றத்துக்கான சிகிச்சைப் பள்ளியைத் தொடங்கிய கிரேஸ் ஃபெர்னால்டு எழுப்பினார். எழுதப்பட்ட சொல்லின் மீது பிள்ளை விரலை வைத்து, வாயால் சொல்லிக்கொண்டே தடவ வேண்டும், பிறகு பார்க்காமல் எழுத வேண்டும் என்பது அவருடைய முறை. சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரின் ஆய்வுகளை அடியொற்றி அன்னா கில்லிங்ஹாமும் பெஸ்ஸி ஸ்டில்மனும் 1930களில் வகுத்த பாடமுறையும் கண், காது, கை மூன்றையும் பிணைப்பதே. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவப் பயிற்றுவித்தார். இவற்றில் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று சொல்வதற்கில்லை. எனினும் தமிழ்நாட்டு ஆசான்களின் கைப்பழக்கமாக இருந்த ஒன்று, மேல்நாட்டில் தனித்தனியாக மீண்டும் கண்டறியப்பட்டு, ஆய்வுப் பெயர்களோடு திரும்பி வந்தபோது, இங்கே பெரும்பாலான பள்ளிகளில் மணல் அகற்றப்பட்டிருந்தது.

அது அகன்ற கதை நாஞ்சில் நாட்டில் தெளிவாகவே தெரிகிறது. 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய மிஷன் பள்ளிகளும், பின்னர் நாகர்கோவிலில் சார்லஸ் மீட் நிறுவிய அச்சகமும், அதுவரை எழுத்து மறுக்கப்பட்டோருக்கு அதைத் திறந்துவிட்டன. மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற அறிவிப்பு 1817இல் ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் வெளியானது. இவை இந்த மண்ணின் பெருமைக்குரிய திருப்பங்கள். எனினும் அச்சுப் புத்தகம், சிலேட்டு, பிறகு நோட்டு, ஆண்டுத் தேர்வு என்ற வரிசையில் பள்ளி மாறியபோது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் வாசித்து, ஒரே அழகில் எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பு முதன்முதலாகப் பொதுச்சட்டமாயிற்று. இரட்டைவரி நோட்டும் நான்குவரி நோட்டும் கையெழுத்தை அளக்கும் கருவிகளாயின; பிழைத்த சொல்லை நூறு முறை எழுதச் சொல்லும் இம்போசிஷன், எழுத இயலாத கைக்கு எழுதுவதையே தண்டனையாக்கியது. மக்கு, சோம்பேறி, கவனமில்லாதவன் என்ற பெயர்கள் இந்தப் பள்ளிகளில்தான் பிள்ளைகள்மீது ஒட்டப்பட்டன.

மொழிச்சுமையும் சேர்ந்தது. 1876இல் தேரூரில் பிறந்த கவிமணிக்கு, பள்ளியில் மலையாளம் பயின்று, தமிழை மடமொன்றைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே கற்க நேர்ந்தது. அவரைப் போன்ற மேதைக்கு இது இரு கண்கள் பெற்றதாக அமைந்தது. எழுத்தை ஒலியோடு இணைக்கவே திணறும் பிள்ளைக்கு, வீட்டில் பேசும் நாஞ்சில் வழக்கு, புத்தகத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகியவை நான்கு மலைகளாயின. மறுபுறம், அந்தக் கவிமணியே பள்ளி ஆசிரியராக இருந்து பிள்ளைகளுக்காக இயற்றி, 1938இல் வெளியான மலரும் மாலையும் தொகுப்பில் இடம்பெற்ற பாடல்கள், டிஸ்லெக்சியா ஆய்வு பின்னாளில் வலியுறுத்திய ஒன்றை இயல்பாகவே செய்தன. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் திறன் வளர்ந்த பிறகே எழுத்து நிலைக்கும். எதுகையும் மோனையும் அந்தத் திறனைச் செவிக்குப் பழக்குகின்றன. கற்றல் செயலிகள் இன்று விளையாட்டு என்ற பெயரில் தரும் ஒலிப் பயிற்சிகளைவிட, கவிமணியின் பாட்டைக் கைதட்டிப் பாடவைப்பது சிறந்த தொடக்கமாகும்.

தடுமாற்றத்துக்கு மருத்துவப் பெயர் கிடைத்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், கணக்கில் திறமையும் நல்ல அறிவும் இருந்தும், தன் பெயரான பெர்சி என்பதைக்கூட எழுத்து மாற்றிப் பிரெசி என்று எழுதிய 14 வயதுச் சிறுவனைப் பற்றி விவரித்தார். பிறவிச் சொற்குருடு என்பது அவர் இட்ட பெயர். கை ஒருங்கிணைவுத் தடுமாற்றத்துக்கு அந்த அளவு கவனமும் கிடைக்கவில்லை. 1970களிலும்கூட மருத்துவ நூல்களே அதை அலங்கோலமாக இயங்கும் பிள்ளை என்ற சொல்லால் குறித்தன. தமிழ்நாட்டில் 1991இல் சில பெற்றோரும் கல்வியாளரும் சேர்ந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனைத் தொடங்கியபோதுதான் இந்தக் குறைபாட்டுக்கெனத் தனி ஆசிரியர் பயிற்சி உருப்பெற்றது. அது சென்னையில், தோவாளையிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகுந்த மாவட்டமாக நின்றது கன்னியாகுமரி. எல்லோரும் படித்த ஊரில் படிக்கத் தடுமாறும் பிள்ளையின் தனிமை ஆழமானது என்பதை அந்த எண் சொல்வதில்லை.

இனித் தட்டச்சின் வரலாறு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, 1930களில் ஜெர்மனியில் செய்வித்த தமிழ்த் தட்டச்சுப்பொறி, 247 எழுத்துகளை ஆங்கிலப் பொறியின் குறைந்த விசைகளுக்குள் அடக்கிய அரிய சாதனை. அதற்கு அவர் கையாண்ட வழி, உயிர்மெய் எழுத்தை அதன் உருவத் துண்டுகளாகப் பிரிப்பதாகும்: கொம்பு, துணைக்கால், சுழி எனத் தனித்தனி விசைகள். தட்டச்சுப்பொறி இடமிருந்து வலமாக நகர்வதால், கண்ணுக்கு இடப்புறம் தெரிவதையே முதலில் அடிக்க வேண்டும். தோவாளை என்ற பெயரை அந்தப் பொறியில் அடிப்பவர் இரட்டைக்கொம்பு, த, துணைக்கால், வ, துணைக்கால், சங்கிலிக்கொம்பு, ள என்ற வரிசையில் விரலை ஓட்டுகிறார். வாய் முதலில் சொல்வது த் என்ற ஒலியை. விரல் முதலில் அடிப்பதோ ஒலியே இல்லாத ஒரு கொம்பை. 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று மாற்றிய 13 எழுத்துகளில் இந்தப் பெயரின் இறுதியிலுள்ள ளையும் ஒன்று. அதற்கு முன்பு அது துதிக்கை போன்ற தனிக்குறியோடு எழுதப்பட்டது. அந்தச் சீர்திருத்தம் விதிவிலக்கான வடிவங்களைக் குறைத்து, வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கும் நன்மை செய்தது. கொம்பின் இடம் மட்டும் மாறவில்லை.

அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் தட்டச்சர்கள் தேவைப்பட்டதால், ஊர்தோறும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் பெருகின. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் காலையிலும் மாலையிலும் ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று இடக்கைப் பாடத்தைத் தாளத்தோடு அடித்துப் பழகி, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளை எழுதினர். அரசுத் தட்டச்சர் பணிக்கு அச்சான்றிதழ் இன்றும் வேண்டும். இந்தப் பயிற்சியில் வரிசை, மீள்செய்கை, பார்க்காமல் விரலால் உணர்தல் ஆகிய நல்ல கூறுகள் இருந்தன. ஆனால் வேகமும் பிழையின்மையுமே மதிப்பெண்ணாயின. இயந்திரத்தின் விசையைச் சுண்டுவிரலால் அழுத்துவதே டிஸ்பிராக்சியா உள்ளவர்க்கு மிகக் கடினமான செயல். வேலைக்குச் செல்லும் பெரியவருக்காக அமைந்த பயிற்சியை 9 வயதுப் பிள்ளையின் மீது ஏற்றுவது தகாது. தட்டச்சு என்றாலே இன்ஸ்டிடியூட்டின் தட்டச்சுதான் என்று பெற்றோர் நினைப்பதற்குக் காரணம், ஐம்பது அறுபது ஆண்டுகளாக அது ஒன்றே வேலைவாய்ப்பின் கதவாக இருந்ததுதான்.

கணிப்பொறி வந்த பிறகு விசைப்பலகைகள் பெருகிக் குழப்பமாயின. எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒரு விசைவரிசை என்ற நிலை 1990களில் நிலவியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, பொறியின் பழைய கட்டாயத்திலிருந்து தமிழை விடுவித்தது. அதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்தன. உருவத் துண்டுக்கு விசை இல்லை, ஒலிக்கே விசை. தோவாளை என்று அடிக்க த, ஓ, வ, ஆ, ள, ஐ என்ற 6 விசைகள் போதும். கொம்பை எங்கே வைப்பது என்பதைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும். அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ என்று அடித்தால் புள்ளி தானே விழும்; தங்கம், பஞ்சு போன்ற சொற்களில் மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும்போதும் அவ்வாறே. இலக்கணம் முதல்வகுப்பில் சொல்லித்தரும் உயிர், மெய், இரண்டும் சேர்ந்த உயிர்மெய் என்ற அமைப்பு விரலின் இயக்கமாகவே மாறியது. இது டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளை எண்ணி வடிவமைக்கப்பட்டதன்று; ஆயினும், வாய் சொல்லும் வரிசையும் கை செய்யும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மணலில் எழுதவைத்த ஆசான் காத்த ஒழுங்கு, ஓலையிலும் தட்டச்சுப்பொறியிலும் சிதைந்து, தமிழ்99இல் மீண்டது. தமிழ்ப் பிள்ளைக்கான தட்டச்சு மென்பொருளைத் தேர்பவர் முதலில் கேட்க வேண்டியது இது ஒன்றே: அது எந்த விசைவரிசையைக் கற்பிக்கிறது?

இன்று கைப்பேசிகளில் பரவியுள்ள ஆங்கில எழுத்துவழித் தட்டச்சு, அதாவது ரோமன் எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறை, பெரியவர்களுக்கு எளிது; தடுமாறும் பிள்ளைக்கு அதுவே மிகக் கெட்ட தேர்வு. தமிழ் ஒலியை ஆங்கில எழுத்துக்கூட்டலாக மாற்றி, அதன் விளைவைத் தமிழில் சரிபார்த்து, லகர ளகர ழகரங்களையும் நகர னகர ணகரங்களையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து போன்ற செயற்கை வேறுபாடுகளால் பிரித்தறிய வேண்டும். ஒரு மொழியிலேயே எழுத்தும் ஒலியும் இணையாமல் தவிக்கும் பிள்ளையை இரண்டு மொழிகளுக்கிடையே ஓடவைப்பது அது. தமிழ்99ஐத் தொடக்கத்திலேயே பழகுவது, முதல் சில வாரங்கள் மெதுவாக இருந்தாலும், இந்தச் சுமையை முற்றிலும் நீக்குகிறது. இரு கைகளுக்கும் வேலை மாறிமாறி வருவதாலும், ஷிப்ட் விசையின் தேவை கிரந்த எழுத்துகள் போன்ற சிலவற்றோடு நின்றுவிடுவதாலும், டிஸ்பிராக்சியா உள்ள கைக்கும் அதுவே ஏற்றது. ஒரே நேரத்தில் இரு விசைகளை அழுத்துவதுதான் அத்தகைய கைக்குப் பெருந்தொல்லை.

ஆங்கிலத் தட்டச்சு மென்பொருள்களின் வரலாறு இரு கிளைகளாகப் பிரிகிறது. 1987இல் வெளிவந்து உலகெங்கும் விற்ற மேவிஸ் பீக்கன், இன்ஸ்டிடியூட்டின் வழிவந்தது: நிமிடத்துக்கு எத்தனை சொல், பந்தயக் கார், ஓடும் கடிகாரம். அந்தக் கடிகாரமே பல பிள்ளைகளைத் தோற்கடிக்கிறது. மற்றொரு கிளை, பெவே ஹார்ன்ஸ்பியும் ஃப்ரூலா ஷியரும் 1974இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆல்ஃபா டு ஒமேகா என்ற டிஸ்லெக்சியா பாடநூலிலிருந்து கிளைத்தது. அந்நூலின் ஒலிவரிசையை விசைப்பலகைக்குக் கொண்டுவந்த டச்-டைப் ரீட் அண்ட் ஸ்பெல் என்ற மென்பொருள், சொல்லைக் காட்டி, ஒலித்து, அடிக்கவைத்து, விரல் பயிலும்போதே எழுத்துக்கூட்டலையும் பயிற்றுகிறது. இங்கே தட்டச்சு என்பது கில்லிங்ஹாமின் கண், காது, கை முறையின் தொடர்ச்சி. ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் தோவாளைப் பிள்ளைக்கு இந்த இரண்டாம் கிளையைச் சேர்ந்த மென்பொருளே தகும். சென்னையின் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் அவாஸ் நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கிய வாசிப்புச் செயலியும், பிள்ளை திணறும் ஆங்கிலச் சொல்லுக்குக் குறிப்புகள் தந்து அதைத் தானே படித்துவிட உதவும் வகையைச் சேர்ந்தது. தமிழில் இவற்றுக்கு ஈடாக, எழுத்துக்கூட்டலையும் தட்டச்சையும் ஒரே பாடமாகக் கற்பிக்கும் மென்பொருளை உருவாக்குவது தமிழ்க் கணிமைத் துறையின் கடன். அதற்குத் தமிழ்99 என்ற உறுதியான அடித்தளம் கால் நூற்றாண்டாகக் காத்திருக்கிறது.

விற்பனைக்காகச் சொல்லப்படும் சிலவற்றை ஒதுக்கலாம். டிஸ்லெக்சியாவுக்கென்று 2011இல் வெளியான ஓபன்டிஸ்லெக்சிக் போன்ற எழுத்துருக்கள் வாசிப்பைச் சீராக்குகின்றன என்பதற்கு ஆய்வுகள் போதிய ஆதரவு தரவில்லை. தெளிவான, பெரிய, இடைவெளி விட்ட எந்த எழுத்துருவும் போதும். தொடுதிரையில் புள்ளிக்கோட்டின் மேல் விரலை இழுக்கச் செய்யும் செயலிகள் மணலெழுத்தின் வாரிசு போலத் தோன்றினாலும் அதன் பாதியையே தருகின்றன. கரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தறியாத 5 வயதுப் பிள்ளைகள் தாமே கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்க்கும்போது வாசிப்புக்குரிய மூளைப்பகுதிகள் இயங்கின. தட்டச்சு செய்தோ கோட்டின் மேல் வரைந்தோ பழகிய எழுத்துகளுக்கு அவ்வாறு நிகழவில்லை. வடிவத்தை நிரவிவிட்டு வெற்று மணலில் மீண்டும் எழுதச் சொன்ன ஆசானின் இரண்டாவது படிதான் இங்கே விடுபட்டிருப்பது. ஆகையால் எழுத்தை அறியும் பருவத்தில் தட்டச்சு கையெழுத்தின் இடத்தைப் பிடிக்கக் கூடாது. எழுத்துகளை அறிந்த பிள்ளை, எண்ணுவதை எழுதக் கை தடையாகும்போது, விசைப்பலகை அந்தத் தடையை நீக்க வேண்டும்.

எனவே, தோவாளையில் ஒரு பிள்ளைக்கு மென்பொருள் தேர்பவர் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் எளியவை. விசையை அழுத்தியதும் எழுத்தின் ஒலி கேட்க வேண்டும். கடிகாரத்தை நிறுத்த வழி இருக்க வேண்டும். ஒரு பாடம் ஐந்து பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். பிழை மௌனமாக அழிய வேண்டும். திரையில் ஓடும் படங்கள் குறைவாக இருக்க வேண்டும். இணையம் இல்லாதபோதும் இயங்க வேண்டும். தொடுதிரையைவிட, விரல் அழுத்தும்போது சற்றே கீழிறங்கி மேலெழும் விசைகள் கொண்ட தனிக் கீபோர்டு மேலானது. டிஸ்பிராக்சியா உள்ள கை, தான் அழுத்திவிட்டதை அந்த அசைவிலிருந்தே அறிகிறது. 2017இல் கூகுள் தமிழுக்கும் கொண்டுவந்த குரல்வழித் தட்டச்சு பெரிய உதவிதான். ஆனால் நாஞ்சில் வழக்கில் பேசும் பிள்ளை எழுத்துவழக்குக்கு நாவைத் திருப்பிய பிறகே அது சரியாக எழுதும் என்பதால், அதைத் துணையாகக் கொள்ளலாம், அடித்தளமாகக் கொள்ள முடியாது. நாகர்கோவில் பகுதியின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் விரல் பயிற்சி தரத் தெரிந்த ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேகத் தேர்வை ஒதுக்கிவைத்து, தமிழ்99இல், வாயால் சொல்லிக்கொண்டே அடிக்கும் சிறார் வகுப்பொன்றை அவர்கள் நடத்தினால், எந்த விலையுயர்ந்த மென்பொருளையும்விட அது பயன் தரும்.

தேர்வுக்கூடம் இந்த முயற்சிக்கு ஒரு காலவரையறையை விதிக்கிறது. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் பெற்ற மாணவருக்குத் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உள்ளன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018இல் சிறப்புத் தேவையுள்ள மாணவர் விடைகளைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்ய அனுமதித்தது. கணிப்பொறியில் இணையமும் பிற கோப்புகளும் இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. மொழிப்பாட விலக்கு மதிப்பெண்ணைக் காக்கும்; தமிழை எழுதும் உரிமையை அது காக்காது. அந்த உரிமை விசைப்பலகையால் காக்கப்பட வேண்டுமானால், பத்தாம் வகுப்பில் கையில் கொடுக்கும் கருவியாக அது இருக்க முடியாது. 8 வயதை ஒட்டித் தடுமாற்றம் தெரியவரும்போது மணலும் ஒலியும் தொடங்கி, நான்காம் ஐந்தாம் வகுப்புகளில் தமிழ்99 விரலில் ஏறி, அது பழகிய பிறகே ஆங்கில விசைவரிசை வந்தால், மேல்வகுப்பை எட்டும்போது பிள்ளை விசையைத் தேடாமல், எழுத வேண்டியதை மட்டும் எண்ணி எழுதும் நிலையில் இருக்கும்.